சுண்ணாம்புக் கம்பத்து நத்தை

பயிர்க் காவல் என்றதும் நமக்கு வள்ளிதான் ஞாபகம் வருவாள். தினைப்புனம், பரண், கையில் கவண், வாயில் ஆலோலம். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் கிளி விரட்டுவதற்கென்றே தட்டை, குளிர், தழல் என்று தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் அந்தக் காவலின் பெரும்பகுதி சத்தம்தான். கிளி சத்தத்துக்குப் பறக்கும், பன்றி சத்தத்துக்கு மிரளும், யானைகூடப் பறைக்கும் தீப்பந்தத்துக்கும் திரும்பிப் போகும். ஆனால் காதே இல்லாத ஒரு பிராணி, ராத்திரியில், ஒரு சின்ன ஓசைகூட எழுப்பாமல் வந்தால் என்ன பண்ணுவது? அதற்கு வள்ளியிடம் பதில் இல்லை.

சிங்கப்பூரில் செடி வளர்க்கிற எவருக்கும் அந்தப் பிராணியைத் தெரியும். ஆப்பிரிக்கப் பெருநத்தை. நன்றாக வளர்ந்தால் ஓடு ஒரு சாண் நீளத்தைத் தொடும். தேக்காவில் வாங்கிய கீரை விதை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கும், சில சமயம் அதுவும் இருக்காது. மண்மேல் வெள்ளி ஜரிகை மாதிரி ஒரு கோடு. முற்றிய செடியை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. இளங்குருத்துதான் வேண்டும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், ஜோடி சேர்ந்த இரண்டுமே முட்டையிடலாம். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் இடும். ஒருமுறை சேர்ந்த பிறகு விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு பல தடவை இடவும் முடியும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும்.

இவ்வளவு சாதாரணமாகக் கண்ணில் படுவதால் இது இந்த ஊர் நத்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சிங்கப்பூருக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட நில நத்தை இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரல் நகத்தைவிடச் சிறியவை, காட்டு ஓரங்களில் ஒளிந்து வாழ்பவை. பெருநத்தையின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை. அது இங்கே வந்த பாதையைத் தேடிப் போனால், ஒரு கட்டத்தில் 'இந்தப் பாதை நமக்குத் தெரிந்த பாதையாச்சே' என்று தோன்றும்.

ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கர், அங்கிருந்து மொரிஷியஸ். மார்புச் சளிக்கு நத்தை சூப் நல்லது என்ற நம்பிக்கையில் அங்கே கொண்டுவரப்பட்டதாக ஒரு கதை உண்டு. 1847இல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி மொரிஷியஸிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்கு எடுத்து வந்தார். அவர் நத்தை, சிப்பி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. 1900 வாக்கில் இலங்கைக்கு வந்தாயிற்று. அடுத்த இருபது வருஷத்துக்குள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள்.

மொரிஷியஸ், கல்கத்தா, இலங்கை, மலாயா. இதே கடல்வழிகளில்தான் கூலிக் கப்பல்களும் போய்வந்தன. 1834இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் குழு மொரிஷியஸில் இறங்கியது. அதன் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் கரும்புக்காக அங்கே போனார்கள். காப்பிக்கும் தேயிலைக்கும் இலங்கை, ரப்பருக்கு மலாயா. ஏகாதிபத்தியம் என்பதே ஒரு மாபெரும் நடவு வேலைதான்: ஓரிடத்துச் செடியைப் பிடுங்கி இன்னோரிடத்தில் நடுவது, அதைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது இடத்திலிருந்து ஆளைக் கொண்டுவருவது. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளின் கதை நமக்குப் பாடப்புத்தகம் வரைக்கும் வந்திருக்கிறது. கன்றோடு தொட்டி வரும், தொட்டியோடு மண் வரும், மண்ணோடு பிராணிகளும் வரும். அந்தக் கதைகளை எழுத ஆளில்லை.

சிங்கப்பூர் வாங்கி வைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. துறைமுகம் எல்லாவற்றையும் கைமாற்றுவது போல நத்தையையும் கைமாற்றியது. 1931இல் சீனாவின் அமோயில் அது காணப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து போன செடிகளோடு ஒட்டிக்கொண்டு போனது என்பார்கள். அதே சமயத்தில் ஜப்பானியர்கள், தங்கள் ஆளுகையில் இருந்த தைவானுக்கு இதைச் சிங்கப்பூரிலிருந்து உணவுக்காகவே எடுத்துப் போனார்கள். 1936இல் ஹவாய். போர் வந்தபோது பசிபிக் தீவுகளுக்கு ஜப்பானியப் படையோடு நத்தையும் போய்ச் சேர்ந்தது.

இங்கே 1942 பிப்ரவரியில் ஊர் சியோனான் ஆனது. அரிசி வரத்து நின்றது. பள்ளிக்கூட மைதானம், வீட்டு முற்றம், சாலையோரம் எல்லாவற்றையும் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையும் போடச் சொன்னது ஆட்சி. அதுவரை பணக்காரர் வீட்டுப் பூந்தோட்டத்தின் பிரச்சினையாக இருந்த நத்தை, ஒரே வருஷத்தில் எல்லாருடைய சாப்பாட்டுப் பிரச்சினையும் ஆகிவிட்டது. ஒரு கீரைப் பாத்தி போனால் அந்த வாரத்துக் குழம்பு போச்சு. ஜனங்கள் ராத்திரியில் விளக்கோடு இறங்கிப் பொறுக்கினார்கள். பொறுக்கியதை வாத்துக்குப் போட்டார்கள். வாத்து இல்லாதவர்களில் சிலர் தாங்களே அவித்துத் தின்றார்கள். செடியைத் தின்றதைத் தின்று செடியைக் காப்பாற்றின காலம் அது. சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிப் பேசுகிற நாம், ஊரில் தங்கியவர்கள் இந்தப் பாத்திகளின் பக்கத்தில் எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதையும் பேச வேண்டும்.

லிட்டில் இந்தியாவுக்கு இதில் என்ன இடம்? பெயரில் ஒரு இடம் இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பகுதியைப் பழைய தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். பக்கத்திலேயே மலாய்ப் பெயரோடு கம்போங் கப்பூர். கப்பூர் என்றாலும் சுண்ணாம்புதான். இந்தியக் கைதிகள் சுட்ட செங்கல்லும் குழைத்த சுண்ணாம்பும் இந்த நகரத்தைக் கட்டின. 1862இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சு, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்த மெட்ராஸ் சாந்து.

நத்தைக்கும் சுண்ணாம்பு வேண்டும், ஓட்டுக்கு. வெள்ளையடித்த சுவரில் ராத்திரி ஏறிச் சுரண்டித் தின்னும். அதனால்தான் முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடும் பாட்டி வைத்தியம் சரியாக வேலை செய்வதில்லை. வேலி என்று நாம் போட்டது அதற்கு விருந்து. தூளாக்கிய சுட்ட சுண்ணாம்பைத் தூவினால் உடம்பு எரிந்து திரும்பும், உண்மைதான். ஆனால் சிங்கப்பூர் மழை எத்தனை நாள் அதை விட்டுவைக்கும்?

1930களில் மெட்டால்டிஹைடு விஷம் வந்தது. நத்தையைக் கொன்றது, தெரியாமல் தின்ற நாயையும் பூனையையும் கொன்றது. பிறகு இன்னும் பெரிய யோசனை ஒன்று வந்தது: நத்தையைத் தின்னும் நத்தையை இறக்குவோம். 1955இல் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த ரோசி ஓநாய் நத்தையை ஹவாயில் விட்டார்கள். 1970களில் தஹிட்டி, மூரியா தீவுகளிலும் விட்டார்கள். அது பெருநத்தையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அந்தத் தீவுகளுக்கே உரிய சின்ன மரநத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. பார்டுலா என்ற பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஒரே தலைமுறைக்குள் அழிந்தன. மிஞ்சியவை லண்டன் போன்ற நகரங்களின் விலங்குக் காட்சியகங்களில் பெட்டிகளில் வளர்ந்தன. 2015 முதல் அவற்றை மெல்ல மெல்லத் தீவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கீரையைக் காப்பாற்றப் போய்க் காட்டை இழந்த கதை.

இன்று சிங்கப்பூரில் மறுபடி எல்லாரும் மண்ணைக் கொத்துகிறார்கள். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இப்போது ஆயிரக்கணக்கான தோட்டங்கள். கோவிட் காலத்தில் 4 லட்சம் வீடுகளுக்கு மேல் விதைப் பொட்டலம் போனது. வீவக புளோக்குகளின் கீழே முருங்கையும் கறிவேப்பிலையும் வல்லாரையும் வெற்றிலைக் கொடியும் வளர்க்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நத்தைக்கு என்ன பண்றீங்க என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "என்ன பண்றது தம்பி, மழை விட்டதும் டார்ச்ச எடுத்துக்கிட்டு எறங்க வேண்டியதுதான்." கையுறை, வாளி, உப்புத் தண்ணீர். கன்றுக்கு அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று காப்பு. தொட்டியைச் சுற்றி ஒரு செப்புப் பட்டை. கையுறை முக்கியம். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியை நத்தை சுமக்கும். அது மனிதருக்குள் போனால் மூளை உறையை வீங்க வைக்கும். கீரையை நன்றாக அலசச் சொல்வதும் அதனால்தான்.

இங்கே ஒரு சொல் என்னை உறுத்துகிறது. 'அந்நிய ஆக்கிரமிப்பு இனம்' என்று பத்திரிகைகள் எழுதும். அறிவியலில் அந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு, தேவையும் உண்டு. ஆனால் வந்தேறி, பெருகுகிறார்கள், இடத்தைப் பிடிக்கிறார்கள் என்று மனிதர்களைப் பார்த்துப் பேசும் வாய்களும் இதே அகராதியைத்தான் புரட்டுகின்றன. நத்தையும் நம் கொள்ளுத் தாத்தாவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நத்தைக்கு வரலாறு எழுதும்போது 'வந்தது' என்று எழுதிவிடுகிறோம். எதுவும் தானாக வரவில்லை, கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் பெயரும் ஆண்டும் சில இடங்களில் பதிவாகியே இருக்கின்றன. பழி மட்டும் ஓட்டைச் சுமந்து வருவதன் மேல் விழுகிறது.

அதற்காகக் கத்தரிக் கன்றை நத்தைக்குத் தாரை வார்க்க முடியாது. கன்று வளர வேண்டும், நத்தை குறைய வேண்டும். விஷமும் ஓநாய் நத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கட்டும் ஆசையில் பிறந்தவை. வள்ளியின் பரணில் அந்த ஆசை இல்லை. அவள் கிளி இனத்தை ஒழிக்க உட்காரவில்லை. கதிர் முற்றும் வரை தினமும் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். டார்ச்சோடு இறங்குகிற ஆச்சி செய்வதும் அதே வேலைதான். இன்றைக்குப் பொறுக்கினால் நாளைக்கும் பொறுக்க வேண்டும். நாற்று நான்கு இலையைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.