கைமாறி வாழும் குரல்

எழுதிய சொல் நிலைத்து நின்ற அளவுக்குப் பேசிய சொல் நிலைத்து நிற்கவில்லை. கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் பொறிக்கப்பட்டவை பல நூற்றாண்டுகள் கடந்தும் படிக்கப்படுகின்றன. ஆயின் அவற்றைச் சொன்னவரின் குரல் எத்தகையது, பாடியவரின் இசை எவ்வாறு ஒலித்தது என்பவற்றை அறிய வழியில்லாமற் போயிற்று. இக்குறை நீங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் அல்வா எடிசன், வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையொன்றிலே தம் குரலைப் பதித்து, அதே உருளையிலிருந்து அதனை மீண்டும் கேட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பேர்லினர் தமது கிராமபோனுக்கு உரிமை பெற்றார். அவர் வளர்த்தெடுத்த தட்டு முறையினால், ஒருமுறை பாடிய பாட்டை ஓர் உலோக அச்சிலிருந்து ஆயிரக்கணக்கிற் பிரதி செய்தல் இயலுவதாயிற்று.

அதே 1887இலேதான் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்ற செயல்கள். ஆயினும் இரண்டினாலும் விளங்கும் உண்மை ஒன்றே. ஏட்டில் இருப்பதனாலேயே ஒரு நூல் பிழைத்துவிடுவதில்லை. ஏடு செல்லரித்து உதிருமுன் அதனைப் படியெடுக்க ஒருவர் முன்வரல் வேண்டும். ஒலியும் அவ்வாறே. உருளையோ, தட்டோ, நாடாவோ, அதனைத் தாங்கும் பொருள் எதுவாயினும் அப்பொருளுக்கு ஆயுள் உண்டு. ஆகவே ஒலிப்பதிவின் வரலாறு புதுப் பொறிகளின் வரலாறு மாத்திரமன்று. ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குக் குரலைப் படியெடுத்தலின் வரலாறுமாகும். பழைய இசைத்தட்டைக் கணினிக்குள் இலக்கங்களாக மாற்றும் இன்றைய முயற்சி அவ்வரலாற்றின் அண்மைக்காலப் படியாகும்.

முற்காலத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆயவை. பாண்டவரை எரித்தழிக்கக் கட்டிய மாளிகைக்குப் பெயர் தந்த அதே அரக்குத்தான். இந்தியக் காடுகளில் மரக்கிளைகளிலே சிறு பூச்சிகள் சுரக்கும் இப்பிசினைத் தூய்மை செய்து, கற்பொடியும் கருமையூட்டும் கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தித் தட்டுகளாக்கினர். இத்தட்டு எளிதில் உடையும். சாராயச் சத்துப் பட்டாற் கரையும். பின்னர் வந்த வைனைல் தட்டைத் துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அச்சத்து உண்டு. அதனை அறியாது அரக்குத் தட்டைக் கழுவியோர் தட்டின் பள்ளங்களையும் அவற்றில் இருந்த பாட்டையும் சேர்த்தே அழித்தனர்.

1902ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் சிறப்பானது. கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பேர்க், அவ்வாண்டு ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகர விடுதியொன்றிலே என்றிக்கோ கறூசோ என்னும் இளம் பாடகரின் குரலைப் பதிவு செய்தார். நவம்பரிற் கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். அன்று ஒலிவாங்கி இல்லை. பாடகர் ஓர் அகன்ற ஊதுகுழலின் வாயை நோக்கி உரத்துப் பாடுவார். அக்குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் ஓர் இராகத்தைத் தொடங்கி, வளர்த்து, முடித்துவிடல் வேண்டும். கல்கத்தாவிற் பதிந்தவற்றைத் தட்டுகளாக அடிப்பதற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பினர். பாட்டின் முடிவிலே கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்திற் சொல்லுவது அத்தட்டுகளிற் கேட்கும். கடல்கடந்த ஊரில் மொழியறியாத் தொழிலாளர் உரிய தட்டுக்கு உரிய பெயரை ஒட்டுவதற்காகவே அவ்வழக்கம் ஏற்பட்டது என்பர். குரலோடு பெயரும் சேர்ந்து பயணம் செய்யாவிடிற் குரல் அநாதையாகும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இத்தட்டுகளைப் படியெடுப்போர் முதலிற் காணும் இடர் வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் கணக்கு பின்னரே நிலைபெற்றது. முற்காலத் தட்டுகள் 70 சுற்று முதல் 80 சுற்றுக்கு மேலும் பலவாறாகப் பதிவாயின. வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு கூடினாற் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். நாலு கட்டையிற் பாடியவர் நாலரைக் கட்டையிற் பாடியவராகத் தோன்றுவார், காலமும் விரைவுபடும், பிருகாக்கள் அவர் பாடாத வேகத்திற் பாயும். கேட்போர் அதனை வித்துவத்தின் சிறப்பெனப் பாராட்டவுங் கூடும். தட்டு பொய் சொல்லவில்லை. அதைச் சுழற்றிய கை பிழை செய்தது.

இரண்டாவது இடர் பள்ளத்தின் வடிவு. 1925இல் ஊதுகுழலை விலக்கி ஒலிவாங்கியும் மின்விரியலாக்கியும் பதிவுக் கூடத்துள் நுழைந்தன. தாழ்ந்த சுரங்களை உள்ளபடி பதித்தால் ஊசி மிக அகன்று அலைந்து அடுத்த பள்ளத்தை உடைத்துவிடும். எனவே பதிவின்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும், மேற்சுரங்களை உயர்த்தியும் வெட்டினர். கேட்கும்போது இதற்கு மாறாகச் செய்து சமன் செய்தல் வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு உயர்த்துவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கிற் சென்றது. 1948இற் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நீள்இசைத் தட்டை வைனைலில் வெளியிட்ட பின்னரும் இக்குழப்பம் தொடர்ந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற் சங்கம் வகுத்த அளவே பின்னர் எங்கும் பொதுவாயிற்று. ஊசியும் மாறியது. அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு உரிய ஊசி, நீள்இசைத் தட்டின் ஊசியிலும் ஏறத்தாழ மும்மடங்கு தடிப்பானது. ஒன்றிற்குரியதை மற்றதில் இட்டால் ஒலி கெடுவதோடு தட்டும் தேயும்.

இனி, ஒலி இலக்கமான கதை. 1937இற் பாரிஸ் நகரிற் பணியாற்றிய அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், தொலைபேசிக் குரலை எண்களாக்கி அனுப்பலாம் என்னும் கருத்தை வகுத்தார். ஒலியலையின் உயரத்தைச் சிறு சிறு கால இடைவெளியில் அளந்து எண்ணாகக் குறித்துக்கொண்டு சென்றால், மறுமுனையில் அவ்வெண்களைக் கொண்டு அதே அலையை மீண்டும் வரையலாம். எத்தனை முறை அளந்தாற் போதும் என்னும் வினாவுக்கு, 1928இல் ஹரி நைக்குவிஸ்ற் இட்ட அடிப்படையின்மீது 1949இற் குளோட் ஷனன் தெளிவான விடை தந்தார். ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளந்தால் எதுவும் இழக்கப்படாது என்பதே அவ்விடை. மனிதச் செவி கேட்கும் எல்லை செக்கனுக்கு 20,000 அதிர்வுகள் எனக் கொள்வர். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டிலே செக்கனுக்கு 40,000 முறைக்கு மேலாக, 44,100 முறை அளந்தமைக்கு இதுவே காரணம். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்தனர்.

குறுந்தட்டு வருமுன்னரே பழைய தட்டொலியைக் கணினி ஏற்றதுண்டு. அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த தோமஸ் ஸ்ரொக்கம், கறூசோவின் ஊதுகுழற் காலப் பதிவுகளை எண்களாக்கினார். கறூசோ 1921இற் காலமானவர். ஒலிவாங்கி அவர் குரலை நன்கு பதிக்கக் காலம் இடந்தரவில்லை. ஊதுகுழல் சில சுரங்களை மிகைப்படுத்தியும் சிலவற்றை அமுக்கியும் ஒலியைத் திரித்திருந்தது. அதே பாடலைப் பிற்காலப் பாடகர் பாடிய நல்ல பதிவோடு ஒப்பிட்டு, ஊதுகுழலின் குற்றம் எது, கறூசோவின் குரல் எது என்று கணக்கின் துணையாற் பிரித்தார். அவ்வாறு திருத்திய பாடல்கள் 1976இல் இசைத்தட்டாக வெளியாயின.

அன்று ஆய்வுகூடம் செய்ததை இன்று வீட்டு மேசையிற் செய்யலாம். தட்டுச் சுழலியின் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கே. அதனை முன்விரியலாக்கி பெருக்குவதோடு, 1954ஆம் ஆண்டின் அளவுப்படி தாழ்சுரத்தையும் மேற்சுரத்தையும் சமன் செய்கின்றது. வீட்டிலுள்ள பழைய விரியலாக்கியிலேயே இவ்வுறுப்பு இருத்தலும் உண்டு. அதன் நாடாப்பதிவு வாயிலிலிருந்து கணினியின் ஒலி ஏற்கும் வாயிலுக்கு ஒரு வடம் போதும். ஒலிவாங்கிக்குரிய வாயிலில் இட்டால் ஒலி சிதையும். சுழலியின் நிலக்கம்பியை இணைக்க மறந்தால் ஓயாத இரைச்சல் எழும். ஒலி எல்லை மீறிப் புகுந்தால் அலையின் தலை வெட்டுண்டுபோம். நாடாவைப் போலச் சிறு மிகையை இலக்கம் பொறுத்துக்கொள்வதில்லை.

ஆவணக் காப்பகங்களின் விதியோ இன்னும் கண்டிப்பானது. செக்கனுக்கு 48,000 முறைக்குக் குறையாமல், பெரும்பாலும் 96,000 முறை அளத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவும் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகளில் ஒன்றாதல் வேண்டும். இவ்வாறு பதிந்த இருவழி ஒலியில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 35 மெகாபைற்று இடங்கொள்ளும். இவற்றினும் முக்கியமானது வேறொன்று. தட்டின் கீறலொலியைப் போக்குதல், இரைச்சலைத் தணித்தல் ஆகியவற்றையெல்லாம் இரண்டாம் படியிலேயே செய்யலாம். முதற்படி, கீறலும் இரைச்சலும் உட்பட, தட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். எந்த ஊசி, எந்த வேகம், எந்த அளவு, தட்டின் இலக்கம் யாது, பாடியவர் யார் என்பன அதனோடு எழுதப்படல் வேண்டும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். இன்றைய ரசனைக்கேற்பத் துடைத்த குரலை மாத்திரம் வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிட்டால், நாளை இன்னும் சிறந்த முறை வரும்போது திருத்துவதற்கு எதுவும் எஞ்சியிராது.

இதன் உண்மையைக் காட்ட ஒரு சான்று போதும். எடிசனுக்கு முன்னரே, 1850களில், பிரான்ஸ் நாட்டின் எதுவார் லெயோன் ஸ்கொற் என்பவர் குரலின் அசைவைக் கரிபூசிய தாளிற் கோடாக வரையும் கருவியைச் செய்தார். அக்கோட்டைக் கண்ணாற் காணலாம். காதாற் கேட்க அன்று வழியில்லை. 1860 ஏப்ரல் 9ஆம் திகதி அவர் வரைந்த ஒரு தாளை அமெரிக்க ஆய்வாளர் படம்பிடித்து, கணினியால் ஒலியாக்கி, 2008இல் உலகுக்குக் கேட்பித்தனர். ஒரு பெண்ணோ சிறுமியோ நாட்டுப்பாடல் பாடுவதுபோல் அது ஒலித்தது. குரலுக்கு அருகே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் ஸ்கொற் வரைந்திருந்தார். அக்கவையின் அதிர்வைக் கணக்கிட்டதில் நேர்ந்த தவற்றினாற் பாடல் இருமடங்கு வேகத்தில் ஓடியது. 2009இல் அது திருத்தப்பட்டது. பெண்குரல் மறைந்து, மெல்லப் பாடும் ஓர் ஆணின் குரல் எழுந்தது; அது பெரும்பாலும் ஸ்கொற்றின் குரலே எனக் கருதப்படுகின்றது. மூலத்தாள் காக்கப்பட்டதனாலும், அளவு காட்டும் கவையின் கோடு அருகே இருந்ததனாலும், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பிழை பிழையென அறியப்பட்டது.

தொட்டால் உதிரும் தட்டுகளுக்கும் இப்போது வழியுண்டு. கலிபோர்னியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற் கார்ல் ஹேபரும் உடனுழைத்தோரும், ஊசி படாமலே பள்ளத்தைப் படம்பிடித்து ஒலியாக்கும் முறையை வகுத்தனர். ஊசியிட முடியாத அளவுக்கு உடைந்தவையும் இதனாற் பேசுகின்றன.

ஆயினும் கருவி பெருகியதனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. வானொலி நிலையங்களும் பதிவுக் கூடங்களும் 1930களிலிருந்து பயன்படுத்திய அலுமினியத் தட்டுகளின்மீது மெல்லிய அரக்குப்பூச்சுப் போன்றதோர் பூச்சு இருந்தது. போர்க்காலத்தில் அலுமினியம் அரிதானபோது கண்ணாடியின்மீதே பூசினர். அப்பூச்சு காலப்போக்கிற் சுருங்கி, வெடித்து, செதில் செதிலாகக் கழன்று விழும். அவற்றுட் பல ஒரேயொரு பிரதியே உடையன.

இலங்கை இவ்வாபத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1923இல் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையே. இந்நாட்டு வானொலி தட்டோடு பிறந்து, தட்டோடு வளர்ந்தது. 1920களிற் கொழும்பு மேடையிலே கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடித்த எஸ். ஜி. கிட்டப்பா, 1933இல் இருபத்தேழு வயதிற் காலமானார். திரைப்படத்தில் அவர் நடிக்கவில்லை. அவர் குரலை இன்று கேட்க அரக்குத் தட்டைத் தவிர வேறு மூலமில்லை.

இத்தகைய தட்டுகள் நிறுவனங்களின் அறைகளில் மாத்திரம் இருப்பவை அல்ல. இந்தியாவில் 'யங் இந்தியா', 'ஓடியன்' என்னும் பெயர்களில் வெளியான பழைய தட்டுகளைப் பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டம் இலக்கமாக்கியபோது, தனிப்பட்ட சேகரிப்பாளரின் அலுமாரிகளே துணைநின்றன. பாட்டனார் வாங்கி வைத்து, பேரப்பிள்ளைகள் பரணில் ஏற்றிய பெட்டியொன்றிலே, வேறெங்கும் இல்லாத ஒரு குரல் இருத்தல் கூடும்.

இலக்கமும் அழியாததன்று. கணினியின் வட்டு பழுதாகும். இன்றைய கோப்பு வடிவம் நாளைய கணினிக்கு விளங்காது போகலாம். இரண்டு மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுதல் வேண்டும். ஏட்டைப் படியெடுத்த பின்னரும் மூல ஏட்டைப் பேணியதுபோலத் தட்டையும் எறியாது, நிமிர்த்தி அடுக்கி, வெப்பமும் ஈரமும் படாது காத்தல் வேண்டும். ஒலிக்கு நிரந்தர வீடு இல்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, பெயரோடும் அளவோடும், ஒவ்வொரு தலைமுறையும் அதனை ஒப்படைத்து வருகின்றது. அவ்வாறு ஒப்படைக்க ஒரு தலைமுறை மறந்தால், அடுத்த தலைமுறை அக்குரலை இழந்ததையே அறியாது.