சிறு முறைகேடுகளும் நிறுவன அறமும்

வராத நாளுக்குக் கையெழுத்து, போகாத ஊருக்குப் பயணப்படி, இலக்கை எட்டியதாகக் காட்ட ஓர் எண்ணைக் கூட்டி எழுதுவது: தனியே பார்த்தால் தண்டிக்கத் தோன்றாத விதிமீறல்களே பணியிடச் சிறு முறைகேடுகள். மேலதிகாரி கண்டும் காணாமல் விட்டால் இவை அலுவலக வழக்கமாகிவிடும். புதிதாகச் சேர்பவர் இவற்றையும் வேலையோடு சேர்த்தே கற்றுக்கொள்வார். 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறியதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், பிறழ்வு மெல்ல மெல்ல இயல்பாகிவிடும் போக்கை 1996-இல் வெளியான நூலில் விளக்கினார். ஆனால் அங்கே யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் தெரிந்தே செய்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரிடம் கணக்கு, அட்டை, கடன் என எட்டு சேவைகளையாவது விற்க வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கியது. நாள்தோறும் இலக்கு, எட்டாவிட்டால் வசவு. கிளை ஊழியர்கள் வாடிக்கையாளர் கேட்காமலேயே கணக்குத் தொடங்கினர். அவருடைய பணத்தில் கொஞ்சம் அதற்கு மாற்றினர். அட்டைக்கு ரகசிய எண்ணையும் தாங்களே போட்டனர். மாதக் கடைசியில் ஓர் எண்ணிக்கை குறைகிறதே என்று தொடங்கியிருக்கக்கூடிய காரியம்தான் இது.

நிர்வாகத்துக்குத் தெரியாமல் நடந்ததாகச் சொல்வதற்கில்லை. இத்தகைய விற்பனை முறைகேட்டு வழக்குகள் 2000-இல் 63. 2004-இல் 680 ஆகும் என்று வங்கியின் உள்விசாரணைப் பிரிவே கணித்தது. விற்பனை இலக்குகளைக் குறைப்பது அல்லது கைவிடுவது பற்றி யோசிக்குமாறும் அது பரிந்துரைத்தது. இலக்கு குறையவில்லை, அகப்பட்டவர்கள்தான் வேலை இழந்தார்கள். பிடிபட்டவரை நீக்கி, அவரைப் பிழை செய்யத் தூண்டிய அளவுகோலை அப்படியே வைத்திருந்ததுதான் இந்த விவகாரத்தின் மையக் குற்றம்.

2013-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-இல் வங்கியே ஒப்புக்கொண்டது. 2016 அக்டோபரில் பதவி விலகிய தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் வங்கித் தொழிலில் ஈடுபட 2020-இல் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, வழக்குகளைத் தீர்க்க வங்கி 300 கோடி டாலர் தர இசைந்தது. சொத்து மதிப்பு உயரக் கூடாதென்று அமெரிக்க மத்திய வங்கி 2018 பிப்ரவரியில் விதித்த கட்டுப்பாடு 2025 ஜூனில்தான் நீங்கியது.