சிகிச்சை அறையில் நேர்மை: ஃபெரென்சியின் 1932 உரையை முன்வைத்து

1. பின்னணி

ஹிஸ்டீரியாவின் வேரில் சிறுவயதுப் பாலியல் வன்கொடுமை இருக்கிறது என்று 1896இல் வியன்னாவில் உரையாற்றிய உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்ட், மறு ஆண்டே அக்கருத்திலிருந்து பின்வாங்கினார். புடாபெஸ்டைச் சேர்ந்த அவருடைய நெருங்கிய சகா சாண்டோர் ஃபெரென்சி, 1932 செப்டம்பரில் வீஸ்பாடனில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் அதை மீண்டும் பேசினார். ஃப்ராய்டுக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த மே மாதம் ஃபெரென்சி காலமானார். உரை ஆங்கிலத்தில் வர 1949 ஆயிற்று.

2. மறுப்பு செய்யும் கேடு

கொடுமைக்கு ஆளான குழந்தை, கொடுமை செய்தவரின் குற்றவுணர்வைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. நம்பிச் சொன்ன இடத்தில் 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்ற பதில் வந்தால் காயம் ஆறாமலே போகிறது. இது ஃபெரென்சியின் முதன்மையான கண்டுபிடிப்பு. பெரியவர்களின் முகம் பார்த்தே பிழைத்த அக்குழந்தை, வளர்ந்தபின் சிகிச்சையாளரின் முகத்தையும் அப்படியே படிக்கிறது.

சிகிச்சையாளர் ஒருமுறை சலிப்போடு கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார். "நான் அதிகம் பேசிவிட்டேனா?" என்று கேட்கிறார். "இல்லையே, சொல்லுங்கள்" என்பது கனிவான பதில்போலத் தோன்றும். உண்மையில் அது பழைய மறுப்பின் தொடர்ச்சி. "ஆமாம், என் கவனம் சிதறியது. தவறு என்னுடையது" என்பதே மருந்து. தவற்றை ஒப்புக்கொள்ளும் பெரியவர் ஒருவரை அவர் அதற்குமுன் கண்டிராமலே இருக்கலாம். தாங்க முடியாத கடந்த காலத்துக்கும் இந்த அறைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் புலப்படுகிறது.

3. எல்லை

தவற்றை ஒப்புக்கொள்வது வேறு, தம் சுமையைச் சிகிச்சை பெறுபவர்மேல் இறக்கி வைப்பது வேறு. எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்த ஃபெரென்சி, தம்மையும் அவர் பகுப்பாய்வு செய்ய இசைந்தார். துணிவான முயற்சிதான், ஆனாலும் பிழை என்றே கருதுகிறேன். தம் துன்பத்தைக் காட்டிப் பிள்ளையைப் பணிவிடையாளாக்கும் பெற்றோரைப் பற்றி எச்சரித்தவரும் அவரே.

4. பின்வந்தோர்

1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், நினைவுகளைத் தோண்டுமுன் பாதுகாப்பை நிலைநாட்ட வேண்டும் என்றார். 1994இல் உளப்பகுப்பாய்வாளர்களான டேவிஸ், ஃப்ராலி இருவரும், சிகிச்சையாளர் மீட்பராக மட்டுமல்ல, கண்டும் காணாத பெற்றோராகவும், கொடுமைக்காரராகவும்கூட உணரப்படுவார் என்று காட்டினர். மீட்பர் வேடமே ஆபத்தானது. இரவு அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்லிச் சோர்ந்தவர், ஒருநாள் வெறுப்போடு விலகுவார்.

ஆகவே, மூத்தவரின் மேற்பார்வை இல்லாமல் இச்சிகிச்சைப் பணியில் எவரையும் தனியே அமர்த்தாதீர்கள் என்று பயிற்சி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.