கூட்டுறவில் யாருக்கு உறவு?

தாராவியில் பெரியப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து அண்ணன் இந்தக் கதையைச் சொன்னபோது மணி இரவு பதினொன்று. மேலே தகரக் கூரை. கீழே சந்து இன்னும் தூங்கவில்லை.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறிப் போய் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் கையில் சுண்ணாம்பு தின்ற தடம் சாகும்வரை போகவில்லை. அவர் மகன் படித்தான், வங்கி வேலைக்குப் போனான். நாற்பது வயதில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். மத்திய ரயில் பாதையில் ஒரு புறநகர். இரண்டு அறை, ஒரு சமையலறை. விலை பேசி முடித்து புரோக்கரிடம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. "சொசைட்டி கமிட்டிய மட்டும் ஒரு தடவ பாத்துருங்க, சும்மா பேருக்குத்தான்" என்றிருக்கிறான் புரோக்கர். 2016இல் நடந்தது இது.

"என்னத்த சொல்ல பிள்ள... மூஞ்சிக்கு நேரா எவனும் சாதியக் கேக்கல. 'சொந்த ஊரு எது? இப்ப எங்க இருக்கீங்க?'ன்னான். தாராவின்னேன். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டான். 'வீட்ல கறி மீன் சமைப்பீங்களா?'ன்னான். சமைப்போம்னேன். வேற ஒண்ணுமே கேக்கல. டீ குடுத்தான், குடிச்சேன், வந்துட்டேன். நாலாம் நாளு புரோக்கரு முன்பணத்த அப்படியே கொண்டாந்து வச்சுட்டான். விக்கிறவருக்கு மனசு மாறிட்டாம்."

யாரும் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. டீ கூடக் கொடுத்தார்கள். இதைத் தீண்டாமை என்று எந்தக் காவல் நிலையத்தில் போய் எழுதித் தர முடியும்?

அண்ணன் கதையை அனுதாபத்துக்காக இங்கே எழுதவில்லை. அந்தக் கமிட்டி அறையில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேர் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. அவர்களுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. அந்த வரலாற்றை நம் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

கூட்டுறவு என்பது பாட்டாளிகளின் கண்டுபிடிப்பு. 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவாலை ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாடிய நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர். கலப்படமில்லாத மாவும் சர்க்கரையும் நியாய விலைக்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற விதிகள் அங்கிருந்துதான் உலகம் பூராவும் போயின. திறந்த கதவு, அதுதான் கூட்டுறவின் முதல் விதி.

அந்தக் கதவு இந்தியாவுக்கு வந்தபோது என்ன ஆனது?

வெள்ளை அரசு 1904இல் கடன் சங்கங்களுக்கு மட்டும் சட்டம் போட்டது. 1912இல் வந்த சட்டம் மற்ற வகைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. மூன்றே வருஷத்தில், 1915இல், பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் வீட்டுவசதி கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பம்பாயின் முதல் வீட்டுவசதி கூட்டுறவு அது. முன்னின்றவர் ராவ் பகதூர் தல்மாக்கி. அதற்கு முன்பே, 1906இல், ஷாம்ராவ் விட்டல் பெயரில் கூட்டுறவு வங்கியைத் தொடங்கியவரும் அவரே. சங்கத்தின் பெயரிலேயே சாதி இருக்கிறது. சாரஸ்வதப் பிராமணர்களுக்காக சாரஸ்வதப் பிராமணர்கள் கட்டிய வீடு. கட்டடம் சங்கத்தின் சொத்து. உறுப்பினர் பங்கு வாங்கிக்கொண்டு குடியிருப்பார். இன்றைக்கு பம்பாயில் ஆயிரக்கணக்கான சொசைட்டிகள் நடக்கிற முறைக்கு அதுதான் முன்னோடி.

அவர்கள் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1896இல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, நெரிசலான பகுதிகளை இடித்துத் தள்ளியது. ஊரை விட்டு வந்து குமாஸ்தா வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்துக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கக்கூடியவர்கள் சேர்ந்தால்தான் சங்கம் நிலைக்கும் என்பது வாதம். சரி. இந்தியாவில் யார் யாரை அறிவார்கள்? பெண் கொடுத்து எடுத்தவன்தான் சொந்தம், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் உறவு. கூட்டு வந்தது, ஆனால் உறவு ஏற்கெனவே சாதியின் கையில் இருந்தது. ராச்டேல்காரன் திறந்து வைத்த கதவில் நம் ஊர்க்காரன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

ஃபிளாட் வந்தபோது கக்கூசும் வீட்டுக்குள் வந்தது. அதைக் கழுவ ஆள் வேண்டுமே! அந்தக் காலத்துப் பம்பாய்க் கட்டடங்கள் சிலவற்றின் பின்பக்கம் ஓர் இரும்புச் சுழல்படி தொங்கும். முன்வாசல் வழியாக வரக் கூடாதவர்கள் அதன் வழியாக ஏறி வந்து கக்கூஸ் கழுவிவிட்டு அதன் வழியாகவே இறங்கிப் போனார்கள். சேரி இல்லாத ஊர் கட்டியதாக நினைத்தவர்கள் சேரிக்கென்று ஒரு படிக்கட்டு விட்டிருந்தார்கள்.

டிரஸ்ட் போட்ட தாதர்–மாதுங்கா திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பார்சி காலனி, இந்து காலனி என்று பெயர் வைத்தே மனைகள் நிரம்பின. மாதுங்கா கிழக்கில் தமிழ்ப் பிராமணர்கள் குடியேறினார்கள். கோயில், பஜனை, காப்பி ஓட்டல், பள்ளிக்கூடம் என்று ஒரு முழு அக்ரகாரமே மாடி வீடுகளாக எழுந்து நின்றது. தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே வந்தால் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான். தோல் கிடங்கிலும் ஆலையிலும் வேலை பார்த்த திருநெல்வேலிப் பறையர்களும் பள்ளர்களும் இஸ்லாமியர்களும். ஒரே மொழி, பிழைப்புத் தேடி வந்த ஒரே நகரம். நடுவில் ரயில் ஓடுகிறது. தமிழன் என்றோர் இனமுண்டு என்று மேடையில் பேசுகிறவர்கள் மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்க்கட்டும்.

அதே இந்து காலனியில்தான் பாபாசாகேப் 1930களில் தன் புத்தகங்களுக்காகவே 'ராஜகிருஹம்' கட்டினார். அதற்கு முன் பல வருஷம் பரேலில் டிரஸ்ட் கட்டிய சாலில், ஆலைத் தொழிலாளர்களுக்கு நடுவே சின்ன அறைகளில் இருந்து படித்தவர் அவர். வீடு தேடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இந்து நண்பரிடம் கேட்டார், கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார். இருவரும் கதவைத் திறக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலுக்குப் பம்பாய் திரும்பினார். இதையெல்லாம் அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் வந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

இப்போது 2005க்கு வருவோம்.

ஆமதாபாத்தில் 1926இல் பதிவான ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் துணைவிதி. உறுப்பினர் ஒருவர் தன் சொத்தைப் பார்சி அல்லாதவர்களுக்கு விற்க விரும்பினார். சங்கம் மறுத்தது. கூட்டுறவு அதிகாரிகள் சங்கத்துக்கு எதிராக நின்றார்கள். குஜராத் உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. ஆனால் 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தந்த உரிமை, கூட்டுறவுச் சங்கம் அரசு அல்ல, கூட்டுறவுச் சட்டத்தில் இப்படியொரு துணைவிதிக்குத் தடையும் இல்லை, எனவே செல்லும் என்றது தீர்ப்பு. சட்டத்தில் 'திறந்த உறுப்பினர்' பிரிவு இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் 'தகுதியுள்ளவரை' மறுக்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. தகுதி எது என்பதைத் துணைவிதி சொல்லும். துணைவிதியை எழுதுவது யார்? உள்ளே இருப்பவன்.

பார்சிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம், தேய்ந்துகொண்டிருக்கும் சமூகம். சிறுபான்மை தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றாய் வாழ விரும்புவதில் ஒரு நியாயம்கூட இருக்கலாம். ஆனால் ஒரு சிறுபான்மைக்காக எழுதப்பட்டதாகத் தெரிகிற தீர்ப்பு யாருக்கெல்லாம் குடையாக விரிகிறது என்பதுதான் கேள்வி. ஊர் முழுக்கச் சொந்தமாக வைத்திருக்கிற ஆதிக்கச் சாதியும் அதே குடைக்குள் நிற்கலாமே! நாம் தனியே வாழ்வது ஒதுக்கப்பட்டதால். அவர்கள் தனியே வாழ்வது ஒதுக்குவதற்காக. இரண்டையும் 'சங்கம் அமைக்கும் உரிமை' என்ற ஒரே தராசில் எப்படி வைப்பது?

2011இல் 97ஆவது திருத்தம் வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதையே அடிப்படை உரிமையாக 19ஆம் பிரிவில் எழுதிச் சேர்த்தார்கள். அமைக்க உரிமை உண்டு. நுழைய உரிமை? அது எழுதப்படவில்லை.

'தீண்டாமைக்குத்தான் சட்டம் இருக்கிறதே' என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுத்தால் குற்றம் என்று பச்சையாகச் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் கமிட்டிக்காரன் சாதியை வாயால் சொன்னால்தானே! அவன் கறியைச் சொல்கிறான். 'கலாச்சாரம் ஒத்துவராது' என்கிறான். பல நேரம் எதுவுமே சொல்லாமல் டீ கொடுத்து அனுப்புகிறான். மராட்டியக் கூட்டுறவுச் சட்டப்படி விண்ணப்பம் வந்த மூன்று மாதத்துக்குள் சங்கம் தன் முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். நல்ல விதிதான். ஆனால் அண்ணன் விண்ணப்பமே போடவில்லையே! அதற்கு முன்பே விற்கிறவர் மனசு மாறிவிட்டார். சட்டம் வாசலில் காவல் நிற்கிறது. மறுப்பு தெருமுனையிலேயே முடிந்துவிடுகிறது.

வாடகை வீட்டிலும் இதே கதைதான். சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு தேடுபவர்களைப் போலப் போய்ப் பார்த்தார்கள். மேல்சாதிப் பெயருக்கு ஏறக்குறைய எல்லாக் கதவும் திறந்தது. தலித் என்று தெரிந்தவர்களில் 100க்கு 18 பேருக்கும் முஸ்லிம்களில் 31 பேருக்கும் நேரடியாகவே இல்லை என்று சொன்னார்கள். 'சரி' என்று சொன்னவர்களிலும் பலர் தலித்துக்குத் தனி நிபந்தனை போட்டார்கள். சென்னையில் 'சைவம் மட்டும்' என்று கேட்டில் தொங்கும் அட்டைக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் நமக்குக் கிடைத்த கூட்டுறவு எது? 1995இல் மராட்டிய அரசு குடிசை மறுவாழ்வுத் திட்டம் கொண்டுவந்தது. குடிசைவாசிகள் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வேண்டும். பில்டர் அவர்களுக்கு இலவசமாக வீடு கட்டித் தருவார், 1995இல் அது ஆளுக்கு 225 சதுர அடி என்றிருந்தது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் பரப்பில் மாடி கட்டி வெளியே விற்றுக்கொள்வார். அந்தச் சங்கத்தில் சாதி கேட்கவில்லை, கறி கேட்கவில்லை. குறித்த தேதிக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்ந்ததற்குச் சான்று இருந்தால் போதும். பறையரும் சக்கிலியரும் மகரும் முஸ்லிமும் வன்னியரும் நாடாரும் ஒரே பட்டியலில் உறுப்பினர்கள். ராச்டேல்காரன் சொன்ன திறந்த கதவு பம்பாயில் குடிசைவாசியிடம்தான் திறந்தது என்றால் மிகையில்லை.

ஆனால் அங்கேயும் போய்ப் பாருங்கள். ஒரே மனையில் இரண்டு கட்டடம். ரோட்டைப் பார்த்து விற்பனைக் கோபுரம், பளபளவென்று. அதன் முதுகுக்குப் பின்னால், காற்று நுழையாத இடைவெளியில், மறுவாழ்வுக் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் சுவர். கேட்டும் வேறு, லிஃப்டும் வேறு, சொசைட்டியும் வேறு. ஊரும் சேரியும் இப்போது செங்குத்தாக நிற்கின்றன. சுழல்படிக்கட்டு மட்டும் இல்லை. வேலைக்காரப் பெண்கள் பின்கட்டடத்திலிருந்து முன்கட்டடத்துக்கு கேட் சுற்றிப் போகிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது சிக்கலானதல்ல. கூட்டுறவு மாநிலங்களின் பொருள். சாதியின் பேரால் உறுப்பினரைத் தடுக்கும் துணைவிதி செல்லாது என்று ஒவ்வொரு மாநிலக் கூட்டுறவுச் சட்டத்திலும், நம் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும், ஒரு வரி சேர்க்க வேண்டும். உணவைக் காரணம் காட்டுவதையும் அதில் அடக்க வேண்டும். சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று நீதிமன்றமே கைகாட்டிவிட்ட பிறகு, சட்டமன்றத்தை நோக்கிப் போகாமல் இருப்பது நம் தவறு. கூடவே இன்னொரு வேலை. வீடு மறுக்கப்பட்ட ஒவ்வொரு கதையையும் தேதியோடு, கேட்ட கேள்வியோடு எழுதி வையுங்கள். அவர்கள் எழுத்தில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

அண்ணனிடம் கடைசியாகக் கேட்டேன், "திரும்பவும் தேடுவீங்களாண்ணே?"

"தேடாம? பிள்ளைக வளந்துட்டாங்கல்லா. ஆனா ஒண்ணு பிள்ள, அடுத்த தடவ தாராவின்னு சொல்லாதீங்கன்னு புரோக்கரு சொல்லுதான். 'சயான்'னு சொல்லணுமாம். பக்கந்தான, பொய்யில்லையாம்."

"சொல்லுவீங்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கீழே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா இங்கதான செத்தாரு" என்றார்.