தெளிப்பானை நிலைநாட்டிய பூச்சு

மதுரை கே.கே. நகரில் தேக்குக் கதவுக்கு ஸ்ப்ரே பாலிஷ் கேட்பவர்கள், வேலை சீக்கிரம் முடியவே ஸ்ப்ரே கன் என்னும் இந்தக் கருவி பிறந்தது என்று எண்ணக்கூடும். வரலாறு வேறு: பூச்சு மாறியதால்தான் கருவி நிலைபெற்றது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் மருத்துவர் ஆலன் டிவில்பிஸ் தொண்டைக்கு மருந்து தெளிக்கக் கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் ஸ்ப்ரே கன்னை உருவாக்கினார். 1920களில் டூக்கோ என்ற லாக்கர் வந்த பின்பே அந்தக் கருவி கார்ப் பட்டறைகளுக்கு இன்றியமையாததாயிற்று. தூரிகை அடுத்த இழுப்புக்குத் திரும்புமுன் இறுகிவிடும் பூச்சு அது.

கருவி கைத்திறனை அழித்தது என்பார்கள். ஆனால் அரக்கு பாலிஷின் ஆழ்ந்த மினுக்கம் இன்றும் துணிப்பொதியால் தேய்த்தே வருகிறது; ஸ்ப்ரே கன் பிடிப்பவரும் தூரம், காற்றழுத்தம், கைவேகம் மூன்றையும் பழகியே தீர வேண்டும். ஆகவே கருவி வாங்குமுன் பூச்சைப் பாருங்கள்: மெல்லிய லாக்கருக்கு 1.3 மி.மீ. அளவிலான நாசில், கெட்டியான ப்ரைமருக்கு 1.8 மி.மீ. பூச்சுக்கேற்ற கருவியே மரத்துக்குச் செய்யும் மரியாதை.