பேரழிவுலகச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்

அணுப்போர், கொள்ளைநோய், எண்ணெய்ப் பஞ்சம் என ஏதோ ஒன்றால் நாகரிகம் குலைந்த பின் எஞ்சும் உலகைக் கற்பனை செய்து, அவ்வுலகின் மனிதர்கள், உருத்திரிந்த விலங்குகள், வண்டிகள், இடிபாடுகள் ஆகியவற்றின் சிற்றுருவங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி, மேசைமேல் நகர்த்தி விளையாடும் பொழுதுபோக்கு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. மனித உருவங்கள் பெரும்பாலும் 28 முதல் 32 மி.மீ. உயரம் இருக்கும். உருவங்கள் வண்ணமில்லாமல், பல வேளைகளில் துண்டு துண்டாகவே விற்கப்படுகின்றன. ஒட்டுவதும் பூசுவதும் வாங்கியவர் பொறுப்பு. விளையாடும் நேரத்தைவிடப் பூசும் நேரமே நீளமானது. விளையாடவே விளையாடாமல் பூசுவதோடு நிறைவடைகிறவர்களும் ஏராளம்.

இதன் வேர் பொம்மைப் படைவீரர்களில் இருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 18-ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றார்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியதும் விலை இறங்கிற்று. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் அவை எட்டின. அந்தப் பொம்மைகளைக் கொண்டு பெரியவர்களும் விளையாடுவதற்கான விதிகளை, நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். அக்கால வீரர்களின் அழகு பளபளப்பில் இருந்தது: சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, மினுங்கும் எனாமல். அழுக்கான படைவீரனை எவரும் விரும்பி வாங்கவில்லை.

அழிந்த உலகைக் களமாகக் கொண்ட விளையாட்டுகள் 1970-களில் பிறந்தன. 1974-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனமே, 1978-இல் அணுப்போருக்குப் பிந்தைய பூமியில் நடக்கும் 'காமா வேர்ல்ட்' விளையாட்டையும் கொண்டுவந்தது. ஆனால் அந்த உலகம் எப்படித் தோற்றமளிக்கும் என்று காட்டியது ஆஸ்திரேலிய சினிமா. ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்' 1979-இலும் அதன் இரண்டாம் பாகம் 1981-இலும் வெளிவந்தன. இரண்டாம் பாகத்துக்கு நோர்மா மோரிசோ அமைத்த உடைகளில் தோல் சட்டையும் விளையாட்டு வீரர்களின் தோள்காப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வண்டிகளோ பல வண்டிகளின் உறுப்புகளை ஒட்டுப்போட்டவை. படப்பிடிப்பு நடந்த புரோக்கன் ஹில் பகுதியின் செம்மண் எல்லாவற்றின் மீதும் படிந்திருந்தது. இன்றும் பாழ்நில உருவம் என்றாலே பூசுகிறவர்களின் கை காவி நிறப் புட்டியை நோக்கி நீள்வதற்கு அந்த ஒரு படம் போதுமான காரணம்.

சினிமாவில் அழுக்கு வந்த பின்னும் தூரிகைக்கு அது வந்துசேர நெடுநாள் ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் வந்த 'கார் வார்ஸ்' விளையாட்டில் வண்டிகள் வெறும் அட்டைத் துண்டுகள். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட 'டார்க் ஃபியூச்சர்' பிளாஸ்டிக் கார்களைத் தந்தது. அதே நிறுவனம் 1987-இல் 'வார்ஹாமர் 40,000' விளையாட்டையும், 'கோல்டன் டீமன்' என்ற வண்ணப் போட்டியையும் தொடங்கியது. போட்டி வந்ததும் தரம் ஏறியது. கூடவே ஒரு நெறியும் இறுகியது. சுத்தமான விளிம்பு, கூர்மையான வெளிச்சக் கோடு, கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மஞ்சளும் பரிசு பெற்றன. 1995-இல் வந்த 'நெக்ரோமுண்டா' நச்சுப்பாழில் எழுந்த தொழில்நகரின் அடித்தளத்தில் நடப்பது. 1997-இன் 'கோர்காமோர்கா' பாலைவனத்தில் ஒட்டுப்போட்ட வண்டிகள் மோதுவது. இரண்டின் கதையும் அழுக்கு, ஆனால் அக்காலப் படங்களில் உருவங்கள் திருவிழாவுக்குக் கிளம்பியவை போலப் பளிச்சென்று நிற்கின்றன. இந்த நெறியோடு ஒத்துப்போகாத ஓவியர் ஒருவர் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார். ஜான் பிளாஞ்ச், மங்கிய பழுப்பும் துருச் சிவப்புமாகத் தீட்டி, பல உருவங்களின் உறுப்புகளை மாற்றி ஒட்டிக் காட்டினார். பிற்காலத்தில் இருண்ட பாணியில் தீட்டுகிறவர்கள் அவரையே முன்னோடியாகக் கொண்டார்கள்.

துருவைப் பூசும் நுட்பம் உண்மையில் வேறொரு கூட்டத்தாரிடம் முதிர்ந்தது. இரண்டாம் உலகப்போர் டாங்கிகளைச் சிறிய அளவில் செய்யும் போர்வண்டி மாதிரிக் கலைஞர்கள் அவர்கள். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்ன் போன்றோர், நீர்த்த கருநிறத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவதையும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடுவதையும் 1970-80-களில் பரவலாக்கினர். பின்னர் ஸ்பெயினின் மிக் ஹிமெனெஸ் முதலியோர் மண், துரு, புகை நிறங்களிலான நிறமிப் பொடிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பாழ்நில உருவங்களைப் பூசுகிறவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். என் மதிப்பீட்டில், இக்கலையின் வரலாற்றில் எந்த நிறுவனத்தின் வெளியீட்டையும்விட முக்கியமான திருப்பம் இதுதான்.

துருவைக் காட்டும் முறைகளுள் தலைமுடி ஸ்பிரே முறையை மட்டும் விரித்துச் சொல்லலாம். கார்க் கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் முழுக் கதவுக்கும் கரும்பழுப்புத் துரு; அதன்மேல் பஞ்சுத் துணுக்கால் அங்கங்கே செம்மஞ்சள் ஒற்றல். அது காய்ந்ததும் காப்பாக வார்னிஷ். அடுத்து, கடையில் வாங்கும் தலைமுடி ஸ்பிரே இரண்டு தடவை. அதன்மேல் கார் புதிதாக இருந்தபோது கொண்டிருந்த நிறம், வெளிர்நீலம் என்று வைத்துக்கொள்வோம், அக்ரிலிக்கில். அது உலர்ந்த சிறிது நேரத்தில் தண்ணீர் தொட்டு, முரட்டு மயிர்த் தூரிகையால் மெல்லத் தட்ட வேண்டும். நீர் ஊடுருவி அடியிலுள்ள ஸ்பிரேயைக் கரைக்க, நீலம் செதில் செதிலாகப் பெயர்ந்து துரு வெளிப்படும். எங்கே தட்டுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றி, கதவின் அடி விளிம்பில், கல் தெறிக்கும் சக்கர வளைவில் நிறம் பெயர்ந்தால் நம்பும்படி இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பெயர்ந்தால் நோய்ப்பட்ட தோலாகத் தெரியும். திருகாணிகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த துருக்கோட்டை மெல்லிய தூரிகையால் இறக்கி, கடைசியில் சக்கரங்களில் மண்பொடி பூசுவார்கள். ஆக, நல்ல கலைஞர் ஒரே பொருளை இரண்டு முறை தீட்டுகிறார்: முதலில் அதன் புதுமை, பிறகு அதன் வீழ்ச்சி. முதலாவது இல்லாமல் வெறும் பழுப்பை அப்பியவை எவ்வளவு உழைத்தும் உயிர் பெறுவதில்லை.

உலோகத்தின் கதையும் இதற்கிடையே மாறியது. பழைய சிற்றுருவங்களில் ஈயம் மிகுதி. 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் ஈயக் கட்டுப்பாடு பற்றி எழுந்த சட்டப் பேச்சு, அமெரிக்க உற்பத்தியாளர்களை ஈயமில்லாக் கலவைக்குத் தள்ளியது. சில ஆண்டுகளில் பிரிட்டனிலும் அதுவே நடந்தது. பின்னர் பிளாஸ்டிக்கும் ரெசினும் முன்னுக்கு வந்தன.

1997-இல் கணினிக்கு வந்த 'ஃபால்அவுட்' விளையாட்டு புதிய நிறங்களைத் தந்தது. அதன் அழிந்த அமெரிக்கா, 1950-களின் நம்பிக்கை நிறைந்த வடிவங்களோடு உறைந்துபோனது: வெளிர்பச்சைக் குளிர்பெட்டி, மஞ்சள் கோடிட்ட நீலச் சீருடை. மோடிஃபியஸ் நிறுவனம் 2018-இல் இதை 'ஃபால்அவுட்: வேஸ்ட்லாண்ட் வார்ஃபேர்' என்ற மேசை விளையாட்டாக, 32 மி.மீ. உருவங்களுடன் வெளியிட்டது. கிழக்கு ஐரோப்பா மற்றொரு நிறத்தைத் தந்தது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1972 நாவலிலும், உக்ரைனில் உருவாகி 2007-இல் வந்த 'ஸ்டாக்கர்' கணினி விளையாட்டிலும் வேரூன்றிய 'ஸோனா ஆல்ஃபா' என்ற மேசை விளையாட்டு 2020-இல் வெளியானது. அங்கே செம்மண் கிடையாது. ஈரச் சுவர், பாசி, செர்னோபிலை நினைவூட்டும் சாம்பல் பச்சை. காவிப் பொடியோடு அங்கே போகிறவர் பிழை செய்கிறார்.

சிறு வெளியீட்டாளர்களின் எழுச்சி இதே காலத்தது. 2014-இல் வந்த 'திஸ் இஸ் நாட் எ டெஸ்ட்' எந்த நிறுவனத்தின் உருவத்தையும் ஏற்றுக்கொண்டது. மைக் ஹட்சின்சன் எழுதி ஆஸ்ப்ரி பதிப்பகம் 2017-இல் வெளியிட்ட 'கேஸ்லேண்ட்ஸ்' அதையும் தாண்டி, ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் போன்ற பொம்மைக் கார்களையே களத்துக்கு அழைத்தது. காரின் அடியிலுள்ள ரிவிட்டைத் துளையிட்டுப் பிரித்து, பழைய பெயின்ட்டை நீக்கி, பிரைமர் அடித்து, ஜன்னலுக்குக் கம்பி வலை, முகப்புக்குப் பிளாஸ்டிக் துண்டுகளால் பம்பர் வைத்துப் பூசுவார்கள். டப்பா மூடி, உறிஞ்சுகுழல், பழுதான கடிகாரத்தின் பற்சக்கரம் எல்லாம் பயன்படும். இது புதிதாக முளைத்த வழக்கமும் அல்ல. 'வார்ஹாமர் 40,000' தொடங்கிய காலத்திலேயே டியோடரண்ட் டப்பாவில் போர் ஊர்தி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டிலேயே ரெசின் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்துக்கொள்வது அண்மை ஆண்டுகளில் பெருகிய பிறகு, கணினிக் கோப்பு மட்டும் வாங்கித் துப்பாக்கியும் தலையும் அச்சிட்டுக்கொள்கிறார்கள். எனினும் குப்பையில் பொறுக்கியதைக் கொண்டு செய்த வண்டிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அழிந்த உலகின் மனிதர்களும் அப்படித்தானே வண்டி செய்திருப்பார்கள்.

தொடங்க விரும்புவோர் விலையுயர்ந்த உருவங்களைத் தேட வேண்டாம். ஹாட் வீல்ஸ் கார்கள் நம் ஊர்ப் பொம்மைக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஒரு காரும், நான்கைந்து அக்ரிலிக் நிறங்களும், ஒரு பஞ்சுத் துண்டும் போதும். பிரைமரையும் ஸ்பிரேயையும் காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். ரெசினைத் தேய்க்கும்போதும் நிறமிப் பொடியைத் தூவும்போதும் முகக்கவசம் அணியுங்கள். பழைய ஈய உருவங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.