சமூகக் காரணம்

கதையில் ஒருவர் செத்தால், எழுதுகிறவனுக்கு அவர் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். மதுரைச் சீமையின் சரித்திரத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே செத்தவர்கள் உண்டு. அவர்களைக் காட்டிக் கொடுத்தது சாட்சியல்ல, கணக்கு.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில், வெள்ளைக்காரச் சர்க்கார் பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரை என்று சொல்லி, ஆண்களின் கை ரேகையைப் புத்தகத்தில் ஏற்றிற்று. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. ரேகைச் சட்டம் 1947-ல் தொலைந்தது.

பிற்பாடு நடந்த கொலைகளுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை, கள்ளிப்பால் போதுமாயிருந்தது. பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களில் வரதட்சிணை புகுந்தது. பெண் பிறந்தால் கடன் பிறந்ததாக அர்த்தமாயிற்று. 1980-களின் நடுவில் பத்திரிகைகள் எழுதியதும் நாடே உசிலம்பட்டியைத் திரும்பிப் பார்த்தது. ஏதோ ஒரு ஜாதியின் பாவம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கணக்கு யாரையும் ஒதுங்க விடவில்லை. இயற்கையில் 1000 ஆண் சிசுக்களுக்குச் சுமார் 950 பெண் சிசுக்கள் பிறக்கும். 1991 ஜனத்தொகைக் கணக்கில், ஏழு வயது நிரம்பாத குழந்தைகளில் 1000 ஆணுக்கு மதுரை மாவட்டத்தில் பெண் 918 தான். சேலத்திலோ 849!

ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் வருஷத்துப் பேரேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 3,000 பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதைக் கண்டார்கள். பேரேட்டில் சாவுக்குக் காரணம் எழுதும் இடத்தில் கண்ட வார்த்தை, 'சமூகக் காரணம்'.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தபோது, அப்படி எழுதிய கிராமச் செவிலியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மறுநாளும் அதே தெருவுக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டியவள் அவள். 'கொலை' என்று எழுதியிருந்தால், அடுத்த வீட்டுச் சாவு அவள் காதுக்கே எட்டியிராது. அந்த மழுப்பல் வார்த்தையினால்தான் உண்மை கணக்கில் தங்கிற்று.

பிறகு ஸ்கேன் வந்தது. சாவு கருவுக்குள் போயிற்று. பேரேட்டில் பதியப் பிள்ளையே இல்லை. கரு ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் செய்தார்கள். 2011-ல் தமிழ்நாட்டுக் கணக்கு 943.

மாயக்காளைப் பெயர் சொல்லி நினைக்க ஊர் இருக்கிறது. இந்தச் சிசுக்களுக்கு இருப்பது ஒரு கழித்தல் கணக்கு மட்டுமே. அதைக் கொலை என்று வாய்விட்டுப் படிப்பது, மறுநாள் அந்த வீட்டுப் படியேற வேண்டியிராத நம்முடைய வேலை.